வேலை நாய்க்கு ஒரு வீடு

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் வாழும் தமிழர்களுள் பலர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள். கோடை விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பும்போது கருப்பட்டியும் முறுக்கும் கொண்டுவருவதுபோல், சிலர் ஒரு நாய்க்குட்டியையும் கொண்டுவந்துவிடுகின்றனர். அது சிப்பிப்பாறைக் குட்டியாகவோ இராசபாளையக் குட்டியாகவோ இருக்கும். ஊர்ப்பெருமை ஒரு காரணம். வாசலில் கட்டினால் திருடன் அண்டமாட்டான் என்பது மற்றொரு காரணம். ஓராண்டுக்குள் அக்குட்டியின் கதி என்னவாகிறது என்பதைப் பற்றியே நேயர்களோடு இன்று பேச விரும்புகிறோம்.

சிப்பிப்பாறை, முயல் வேட்டைக்கென்று வளர்க்கப்பட்ட இனம். ஆழ்ந்த மார்பும் ஒட்டிய வயிறும் நீண்ட கால்களும் உடையது. மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி ஓடுவது. வெண்ணிற மேனியும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட இராசபாளையம், காட்டுப்பன்றி வேட்டைக்கும் பண்ணைக் காவலுக்கும் பேர்பெற்றது. 2005இல் அதற்கு அஞ்சல் தலையும் வெளியாயிற்று. 1972இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் வேட்டை என்னும் தொழில் போயிற்று. அது போனது நன்றே. ஆனால் அத்தொழிலுக்கென்று அமைந்த உடலும் மனமும் நாயை விட்டுப் போகவில்லை. இருவர் எதிர்ப்பட்டால் ஒருவர் ஒதுங்கி நிற்கவேண்டிய சந்தில், ஒரு முழக் கயிற்றில் அந்நாய் நின்றால் என்ன செய்யும்? குரைக்கும், கயிற்றைக் கடிக்கும், ஒருநாள் அண்டை வீட்டுக் கோழியைப் பிடிக்கும்.

அப்படியொரு பழுப்பு நிறச் சிப்பிப்பாறை இருப்புப்பாதை ஓரத்தில் திரிவதைக் கண்டோம். கழுத்தில் அறுந்த கயிறு இருந்தது. உரியவரைத் தேடிப் பிடித்தபோது அவர் மறைக்கவில்லை. “அண்ணாச்சி, பிள்ளைகள் படுக்கவே வீட்டில் இடம் போதவில்லை. நான் என்ன செய்யட்டும்?” என்றார். விலங்கைப் பட்டினிக்கு ஆளாகும்படி கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதை நாங்கள் அறிவோம். ஆயினும் அவரிடம் சட்டம் பேச எங்களுக்கு வாய் வரவில்லை.

நாயைப் பரேலிலுள்ள பாய் சக்கர்பாய் விலங்கு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். 1883இல் நிறுவப்பெற்ற மருத்துவமனை அது. (தெருநாய்களைக் கொல்வதை எதிர்த்து 1832இலேயே பார்சி மக்கள் கடையடைத்துக் கலகம் செய்த நகரம் இது என்பதையும் சொல்லவேண்டும்.) வெறிநாய்த் தடுப்பூசி போடப்பட்டது, கருத்தடையும் செய்யப்பட்டது. கருத்தடை செய்யாமல் கொடுத்தால் குட்டி போடவைத்து விற்பவர்களே முதலில் வந்து நிற்பார்கள். இராசபாளையமாக இருந்தால் பின்னால் நின்று கைதட்டிப் பார்க்கவேண்டும். அவ்வெண்ணிற நாய்களுட் சில பிறவிச் செவிடு. செவிட்டு நாயைக் கீழ்ப்படியாத நாய் என்று அடிப்பாரும் உளர்.

விலா எலும்பு தெரிகிறதே என்று எங்கள் தெருப் பெண்கள் இரங்கிச் சோற்றை அள்ளி வைத்தார்கள். அந்த இனத்துக்கு விலா சற்றே தெரிவதுதான் இயல்பு என்று விளக்குவதற்குள் எங்களுக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது.

முதலில் ஒரு குடும்பத்தார் கேட்டார்கள், நல்லவர்கள். நாங்கள் அவசரப்பட்டுக் கொடுத்துவிட்டோம். அவர்கள் வீட்டில் பூனை இருந்ததை விசாரிக்கவில்லை. ஒன்பதாம் நாள் நாய் திரும்பி வந்தது. பூனை பிழைத்தது நற்பேறு. பிழை நாயினுடையதன்று, எங்களுடையது. அதன் பின்னர், நாயின் விலை எவ்வளவு பெறும் என்று கேட்பவருக்கு நாங்கள் நாய் கொடுப்பதில்லை. அது எதைத் துரத்தும், எப்போது உறங்கும் என்று கேட்பவரோடுதான் பேச்சைத் தொடர்கிறோம். நேரில் சென்று வேலியின் உயரத்தையும் பார்க்கிறோம்.

வேலை ஓய்ந்த நாய்க்கு ஏற்ற இடம் எப்படியிருக்கும் என்பதை இந்நகரத்துக் காவல்துறை நாய்களிடமும் காணலாம். 2008 நவம்பர்த் தாக்குதலின்போது வெடிகுண்டு தேடிய மாக்ஸ், சுல்தான், டைகர், சீசர் என்னும் நான்கும் ஓய்வுக்குப் பின் விரார்ப் பக்கத்துப் பண்ணையொன்றில் சேர்ந்தே வாழ்ந்தன. நான்கும் 2016இல் மறைந்தன. கடைசியாக எஞ்சிய சீசர், தோழர்கள் போனபின் சோர்ந்து கிடந்ததாக அப்போது செய்தித்தாள்கள் எழுதின. இராணுவ நாய்களின் நிலை வேறாக இருந்தது. பணிக்கு உதவாமற்போனவற்றைக் கருணைக்கொலை செய்யும் வழக்கம் இருந்ததென்பது 2015இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்வழி வெளியாகி, நாடெங்கும் கண்டனம் எழுந்தது. பின்னர் ஓய்வுபெற்ற நாய்களைப் பொதுமக்கள் தத்தெடுக்க வழி பிறந்தது.

எங்கள் சிப்பிப்பாறைக்கு இடம் கிடைக்க நான்கு மாதங்களாயின. டகாணுப் பக்கம் ஒரு சப்போட்டாத் தோட்டம்; சுற்றிலும் ஆளுயர வேலி. கொண்டுபோய் விட்ட அன்று கயிற்றை அவிழ்க்க வேண்டாம், மூன்று வாரம் கையில் பிடித்தே நடத்துங்கள் என்று சொல்லி வந்தோம். தோட்டக்காரர் அப்படியே செய்தார். நாலாவது வாரம் அவிழ்த்துவிட்டபோது, வேலியோரமாக ஒரு சுற்று ஓடி, நின்று, அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் ஓடிற்றாம்.

பழைய உரியவருக்கு அச்செய்தியைச் சொன்னோம். அடுத்த முறை ஊருக்குப் போகையில் வழியில் இறங்கிப் பார்க்கலாமா என்று கேட்டார். டகாணு வடக்கே இருக்கிறது, ஊர் தெற்கே என்றோம். “அதனாலென்ன, ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வருகிறேன்” என்றார்.