செகசிற்பியாருக்கு எந்தத் துணைநூல்?

(பழைய மாணவர் சந்திப்பின் இரண்டாம் நாள், நூலக நன்கொடை பற்றிய அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேசியவர் நம் ஆங்கில இலக்கியத் துறையின் பழைய மாணவர். ஓய்வு பெற்ற நூலகர்.)



நம் சங்கம் ஆங்கிலத் துறை நூலகத்துக்கு ஒரு தொகை ஒதுக்கியிருக்கிறது. அதில் ஷேக்ஸ்பியருக்கு நல்ல துணைநூல் வாங்க வேண்டும் என்று தீர்மானமும் ஆகிவிட்டது. எதை வாங்குவது என்பதில்தான் இழுபறி. "பெரிசா, பார்க்க கம்பீரமா ஒரு புத்தகம் வாங்குவோம், சங்கத்தின் பெயரை உள்ளே ஒட்டுவோம்" என்றார் ஒரு நண்பர். "பரிட்சைக்கு உதவுற மாதிரி கைடு வாங்கிப் போடுங்க சார், பசங்க பாஸ் ஆகட்டும்" என்றார் இன்னொருவர். "கையில போன் இருக்கு, புத்தகம் எதுக்கு?" என்றார் மூன்றாமவர். மூன்று பேருமே நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் மூன்றுக்கும் நான் உடன்படவில்லை. ஏன் என்று சொல்லத்தான் செயலாளரிடம் பதினைந்து நிமிடம் கேட்டு வாங்கினேன்.

முதலில், யாருக்காக வாங்குகிறோம்? துறைத்தலைவர் அம்மாவிடம் கேட்டேன். இன்று முதலாண்டில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர்கள், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் என்றார்கள். நாங்கள் சேர்ந்தபோதும் அப்படித்தான். இந்தப் பிள்ளைகளுக்கு ஷேக்ஸ்பியரில் எங்கே தடுக்குகிறது? கடினமான சொல்லில்தான் என்று நினைக்கிறோம். நூலக மேசையில் உட்கார்ந்து முப்பது வருஷம் பார்த்தவன் சொல்கிறேன், அங்கே இல்லை. கடினமான சொல் வந்தால் பிள்ளை தானே அகராதியைத் திறக்கும். தெரிந்த சொல் வந்தால் திறக்காது. அங்கேதான் வழுக்கி விழுகிறது.

ஒரு எடுத்துக்காட்டு. 'ஃபாண்ட்' என்ற சொல்லுக்கு இன்றைக்கு என்ன பொருள்? பிரியமான, பாசமுள்ள. லியர் மன்னன் கடைசிக்குச் சற்று முன்னால், பித்தம் தெளிந்து இளைய மகள் முன்னே உட்கார்ந்து, தன்னை இந்தச் சொல்லால்தான் சொல்லிக்கொள்கிறான். 'பாசக்காரக் கிழவன்' என்று படித்தால் காட்சியே கெட்டது. ஷேக்ஸ்பியர் காலத்தில் அதற்கு அறிவுகெட்ட என்று பொருள். ராஜா தன்னைத்தானே புத்தியற்ற கிழவன் என்று மகளிடம் ஒப்புக்கொள்கிறான். அதுதான் அங்கே நடப்பது.

'ப்ரெசன்ட்லி' என்றால் அப்போது 'உடனே'. 'ஸ்டில்' பல இடங்களில் 'எப்போதும்'. ஜூலியட் மாடத்தில் நின்று கேட்கும் 'வேர்ஃபோர்' என்ற சொல் 'எங்கே' என்பதல்ல, 'ஏன்'. அவள் ரோமியோவைத் தேடவில்லை. இவன் ஏன் ரோமியோவாக, பகையாளி வீட்டுப் பிள்ளையாகப் பிறந்து தொலைத்தான் என்று புலம்புகிறாள். நம்ம ஊர்க் கலைநிகழ்ச்சிகளில் அந்தக் காட்சியைப் போடும்போதெல்லாம் அந்தப் பெண் நெற்றியில் கைவைத்துத் தோட்டத்தில் தேடுவாள். பார்த்திருப்பீர்கள்!

இது நமக்குப் புதிதல்ல. பழைய தமிழில் 'நாற்றம்' என்றால் நறுமணம். இன்றைக்கு ஒருவரிடம் போய் "உங்கள் வீட்டில் நல்ல நாற்றம்" என்று சொல்லிப் பாருங்கள். அதனால்தான் நம் முன்னோர் மூலத்தோடு உரையை வைத்தார்கள். பரிமேலழகரைக் கையில் வைத்துக்கொண்டு குறள் படித்த பரம்பரை நாம். குறளை எடுத்து வீசிவிட்டுப் பரிமேலழகரை மட்டும் படி என்று எந்தத் தமிழாசிரியரும் சொன்னதில்லை. கடைத்தெரு கைடு இதற்கு நேர்மாறு. கதைச்சுருக்கம், பாத்திரப் படைப்பு, பத்து கேள்வி, பத்து பதில். நாடகத்தைத் தொடாமலே தேர்வு எழுதிவிடலாம். பாஸ் ஆவார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் அதைப் பிள்ளைகள் தாங்களே வாங்கிக்கொள்கிறார்கள். அதற்கு நம் சங்கத்தின் பணம் வேண்டியதில்லை.

அப்படியென்றால் எது? புத்தகக் கடைக்கு என்னோடு வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான். அட்டையைப் பார்க்காதீங்க, விலையையும் அப்புறம் பாருங்க. 'ஃபாண்ட்', 'ஸ்டில்', 'ப்ரெசன்ட்லி' ஆகிய மூன்று சொல்லைப் புத்தகத்தில் தேடுங்கள். பெரிய பெரிய சொல்லுக்கெல்லாம் பொருள் சொல்லிவிட்டு இந்த மூன்றையும் விட்டிருந்தால் அதை அலமாரியிலேயே திருப்பி வையுங்கள்.

இந்தச் சோதனையில் தேறுகிற புத்தகங்கள் இருக்கின்றன. சி.டி. ஆனியன்ஸ் என்பவர் தொகுத்த சொற்பொருள் நூல் 1911-இல் வந்தது. பெயரைக் கேட்டுச் சிரிக்காதீர்கள், ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் ஆசிரியர்களில் ஒருவர். 1986-இல் ராபர்ட் ஈகிள்சன் அதைத் திருத்திப் புதுக்கினார். கைக்கு அடக்கமானது. அடுத்து, 2002-இல் டேவிட் கிரிஸ்டல், பென் கிரிஸ்டல் என்ற தந்தையும் மகனும் சேர்ந்து வெளியிட்ட சொல்நூல். அப்பா மொழியியல் அறிஞர், மகன் நடிகர். அதனாலேயோ என்னவோ, மேடையில் அந்தச் சொல் எப்படி நிற்கும் என்ற நினைப்போடு எழுதப்பட்டிருக்கிறது. என் ஓட்டு இதற்குத்தான். ஒன்றல்ல, நாலு பிரதி.

இவற்றுக்கெல்லாம் தாத்தா ஒருவர் உண்டு. அலெக்சாண்டர் ஷ்மிட், ஜெர்மானியர். 1874, 1875-இல் இரண்டு தொகுதி போட்டார். ஷேக்ஸ்பியரின் சொல் ஒவ்வொன்றும் எந்தப் பொருளில் எங்கே வருகிறது என்று பிரித்து அடுக்கியிருக்கிறார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஒருவர் செய்த வேலை என்பதில் எனக்கு ஒரு தனிப் பிரியம். பதிப்புரிமைக் காலம் முடிந்ததால் இன்று இணையத்தில் இலவசம். போன் பற்றிச் சொன்ன நண்பருக்கு இங்கே பாதி வெற்றி! ஷ்மிட்டுக்குப் பணம் வேண்டாம், துறையின் கணினியில் இறக்கிக் கொடுத்தால் போதும். அதேபோல எந்தச் சொல் எந்த வரியில் வருகிறது என்று காட்டும் தொடரடைவு. 1894-இல் ஜான் பார்ட்லெட் போட்டது தலையணை அளவு இருக்கும். அந்த வேலையைக் கணினி ஒரு நொடியில் செய்கிறது. அதற்கும் செலவு வேண்டாம்.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை, நூலகர் புத்தி போகாது பாருங்கள். இந்தப் பழைய துணைநூல்களில் பல, 1864-இல் வந்த குளோப் பதிப்பின் வரி எண்ணைத்தான் கொடுக்கும். செய்யுள் பகுதியில் பெரிய தொல்லை இல்லை. உரைநடைப் பகுதியில் பக்கத்தின் அகலத்தைப் பொறுத்து வரி எண் மாறிவிடும். பிள்ளை 120-ஆம் வரியைத் தேடும், அங்கே வேறு எதுவோ இருக்கும். புத்தகம் தப்பா, நான் தப்பா என்று மிரண்டு மூடிவிடும். ஆகவே வகுப்பில் எந்தப் பதிப்போ அதனோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். முடியாவிட்டால் உள்அட்டையில் ஒரு குறிப்பாவது எழுதி ஒட்ட வேண்டும்.

அடுத்தது இலக்கணம். எட்வின் அபட் என்ற தலைமையாசிரியர் 1869-இல் ஷேக்ஸ்பியர் இலக்கணம் ஒன்று எழுதினார். (கணிதத் துறை நண்பர்களுக்கு இவரைத் தெரிந்திருக்கும். பரிமாணங்களை வைத்து 1884-இல் 'ஃபிளாட்லாண்ட்' கதை எழுதியவர் இவர்தான்.) அந்த நூலில் 'தவ்', 'யூ' இரண்டும் எப்போது, ஏன் மாறி மாறி வருகின்றன என்று ஒரு பகுதி உண்டு. அதைப் படித்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. 'தவ்' என்றால் நீ. 'யூ' என்றால் பல இடங்களில் நீங்கள். அவ்வளவுதான்! இன்றைய இங்கிலாந்துப் பிள்ளைக்கு இது பாடமாகப் படிக்க வேண்டிய விஷயம். நம் பிள்ளைக்குத் தாய்ப்பாலோடு வந்தது.

ஹாம்லெட்டில், அம்மாவின் அறைக்கு மகன் வருகிறான். அவள் 'நீ' என்று தொடங்கி, அப்பாவின் மனதை நோகடித்துவிட்டாய் என்கிறாள். அவள் சொல்லும் அப்பா, புதுக் கணவன். அவன் 'நீங்கள்' என்று திருப்பி, என் அப்பாவின் மனதை நோகடித்தது நீங்கள்தான் என்கிறான். அவன் சொல்லும் அப்பா, செத்துப்போனவர். உடனே அவளும் 'நீங்கள்' என்று மாறுகிறாள். நம் வீட்டு அம்மாக்களுக்குக் கோபம் வந்தால் பெற்ற பிள்ளையிடமே "சொல்லுங்க சார், என்ன வேணும் உங்களுக்கு?" என்பார்களே, அதேதான். மரியாதை கூடக்கூடத் தூரம் கூடுகிறது. இதை ஒரு முதலாண்டு மாணவியிடம் ஒருமுறை காட்டினால் போதும், அந்தக் காட்சி அவளுக்குச் சொந்தமாகிவிடும். எந்தக் கைடிலும் இது கிடையாது. அபட்டும் இணையத்தில் இலவசம். ஆனால் அச்சுப்பிரதி ஒன்று மேசைமேல் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். போனில் தேடினால் தேடியதுதான் கிடைக்கும். தேடத் தெரியாததும் கண்ணில் படுவதற்குப் பக்கம் புரட்ட வேண்டும்.

இனி, அந்தக் கம்பீரமான பெரிய புத்தகம். மைக்கேல் டாப்சனும் ஸ்டான்லி வெல்ஸும் தொகுத்த ஆக்ஸ்ஃபோர்டு துணைநூல் 2001-இல் வந்து, 2015-இல் புதுக்கப்பட்டது. நல்ல நூல், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆசிரியர்களுக்கு அவசியம் வேண்டும். இந்த வகைப் பெருநூல் எது வாங்கினாலும் வெளிவந்த ஆண்டைப் பாருங்கள். 1623-இல் வந்த முதல் பெருந்தொகுப்பில் நாடகங்கள் 36. பெரிக்லீஸைச் சேர்த்து 37 என்று நாங்கள் படித்தோம். ஃபிளெட்சருடன் சேர்ந்து எழுதிய நாடகத்தையும் சேர்த்து இப்போது 38 என்கிறார்கள், இன்னும் கூட்டுகிறவர்களும் உண்டு. பழைய நூலும் புதிய நூலும் வெவ்வேறு எண் சொன்னால் பிள்ளை குழம்பும்.

லியர் கதை இன்னும் சிக்கல். 1608-இல் ஓர் அச்சு, 1623-இல் ஓர் அச்சு. புயலடித்த இரவில் ராஜா ஒரு ஸ்டூலை மகளாக நினைத்துக்கொண்டு நீதி விசாரணை நடத்துகிறானே, அது முதல் அச்சில்தான் உண்டு, இரண்டாவதில் இல்லை. துணைநூல் அந்தக் காட்சியைப் பாராட்டும், பிள்ளையின் பாடநூலில் அது இல்லாமலே போகலாம். இந்த வேறுபாட்டைச் சொல்லும் நூலா, மூடி மறைக்கும் நூலா என்று லியர் பகுதியைத் திறந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

எனவே பெருநூல் ஒரு பிரதி போதும். மிச்சப் பணத்தில், பாடத்திட்டத்தில் உள்ள நாடகங்களுக்கு ஃபோல்ஜர் பதிப்பு மாதிரி ஒரு பக்கம் மூலமும் எதிர்ப்பக்கம் குறிப்பும் உள்ள பிரதிகள் வாங்கலாம். தொடக்க மாணவருக்கு அதைவிட நல்ல துணை கிடையாது. கண் எதிர்ப்பக்கம் போய் உடனே நாடகத்துக்குத் திரும்பி வந்துவிடும். கதை முன்கூட்டியே தெரிய வேண்டுமென்றால் 1807-இல் மேரி லாம்பும் சார்லஸ் லாம்பும் எழுதிய கதைகள் இருக்கவே இருக்கின்றன. நம்மில் பலருக்குப் பள்ளியில் நான்-டீடெயில் அதுதானே!

ஒரே ஒரு தமிழ் நூலும் கேட்கிறேன். மட்டக்களப்புப் பக்கம் பிறந்த விபுலானந்த அடிகள் 1926-இல் 'மதங்க சூளாமணி' எழுதினார். ஷேக்ஸ்பியரைச் 'செகசிற்பியார்' என்று அழைத்து, அவர் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தின் துணையோடு விளக்கினார். என் தலைப்பே அவரிடம் கடன் வாங்கியதுதான். நடை இன்றைய மாணவருக்குக் கொஞ்சம் கடினம். இருந்தாலும், தமிழில் நின்றுகொண்டே அவரைப் பார்க்கலாம் என்று ஒருவர் செய்து காட்டியிருப்பது அலமாரியில் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

பட்டியலை எழுதிச் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். அதோடு ஒரு வேண்டுகோள். துணைநூல்களைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை யாரோ ஒருவர் மேசை டிராயரில் போடுகிற வழக்கம் பல கல்லூரிகளில் உண்டு. காணாமல் போய்விடுமே என்ற பயம், எனக்கும் புரிகிறது. நாலு பிரதியில் ஒன்று காணாமல் போனால் அடுத்த ஆண்டு சந்தாவில் நான் வாங்கித் தருகிறேன். சொற்பொருள் நூல் மட்டும் பூட்டாத மேசையில், ஜன்னலோரம், வெளிச்சத்தில் கிடக்கட்டும் என்று துறைத்தலைவர் அம்மாவைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.