கறுப்பு வெள்ளையில் ஒரு முகமூடி விருந்து



முகமூடி விருந்து என்றால் எல்லாருக்கும் வேடம்தான் நினைவுக்கு வரும். விருந்து கொடுக்கிறவருக்கு அது பின்னால் வரும் கவலை. யாரை அழைப்பது, யாரை விடுவது என்பதுதான் முதல் கவலை. கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்த வீட்டாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1966 நவம்பர் 28, திங்கட்கிழமை இரவு. நியூயார்க் பிளாசா ஹோட்டலின் பெரிய நடனக்கூடம். விருந்து கொடுத்தவர் அமெரிக்க எழுத்தாளர் ட்ரூமன் கபோட்டி. கான்சாஸில் ஒரு விவசாயக் குடும்பம் கொலையுண்டதைப் பற்றி அவர் எழுதிய 'இன் கோல்ட் பிளட்' அந்த ஆண்டின் தொடக்கத்தில் புத்தகமாக வந்து, பேரும் பணமும் குவித்திருந்தது. வெற்றியைக் கொண்டாட வேண்டும். ஆனால் தனக்குத் தானே விழா எடுத்தால் ஊர் சிரிக்கும். அதனால் கபோட்டி 'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகையின் தலைவர் கேத்தரின் கிரஹாமைச் சிறப்பு விருந்தினராக்கினார். கணவர் இறந்தபின் அந்த நிறுவனத்தைப் பொறுப்பேற்று நடத்தியவர் அவர். விருந்துக்குக் கௌரவமான ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

அந்தக் கோடை முழுக்க கபோட்டியின் கையில் ஒரு மலிவான நோட்டு இருந்தது. அதில் பெயர்களை எழுதினார், அடித்தார், திரும்பவும் எழுதினார். கடைசியில் ஏறத்தாழ 540 பேர் தேறினார்கள். பாடகர் ஃபிராங்க் சினாட்ராவும் ஓவியர் ஆண்டி வார்ஹோலும் பட்டியலில் இருந்தார்கள். கான்சாஸ் கொலை வழக்கைத் துப்பறிந்த ஆல்வின் டூயியும் அவர் மனைவியும் இருந்தார்கள். தனி ஆளாக அழைக்கப்பட்டவர் துணைக்கு யாரையும் கூட்டிவரக் கூடாது என்பதில் கபோட்டி கடைசிவரை இறங்கி வரவில்லை.

உடை விதி இரண்டே நிறம். ஆண்களுக்குக் கறுப்பு விருந்து உடை, கறுப்பு முகமூடி. பெண்களுக்குக் கறுப்பு அல்லது வெள்ளை உடை, வெள்ளை முகமூடி, கையில் விசிறி. நள்ளிரவில்தான் முகமூடியைக் கழற்றலாம். 'மை ஃபேர் லேடி' படத்தில் குதிரைப் பந்தயக் காட்சிக்காக செசில் பீட்டன் வடிவமைத்த கறுப்பு வெள்ளை உடைகளே இந்த யோசனைக்கு வித்து. விதி இப்படிச் சுருக்கமாக இருந்ததால் பெரிய அலங்காரம் தேவைப்படவில்லை. வந்தவர்களே அலங்காரம். மேசைகளுக்குச் சிவப்பு விரிப்பும் மெழுகுவர்த்தியும் போதுமானதாக இருந்தன.

பெண்கள் பலர் ஹால்ஸ்டன், அடோல்ஃபோ போன்ற வடிவமைப்பாளர்களிடம் இறகும் கல்லும் பதித்த முகமூடிகளைச் செய்யக் கொடுத்தார்கள். கபோட்டி ஒரு பொம்மைக் கடையில் 39 சென்ட்டுக்கு வாங்கியதைப் போட்டுக்கொண்டார்.

இன்னொரு ஏற்பாடும் கவனிக்கத் தக்கது. நடனம் இரவு 10 மணிக்கு. அதற்கு முன் நண்பர்கள் சிலர் தங்கள் வீடுகளில் ஆளுக்கு ஒரு குழுவுக்குச் சாப்பாடு போட்டார்கள். எந்தக் குழு எந்த வீட்டுக்கு என்பதையும் கபோட்டியே முடிவு செய்தார். அதனால் வந்தவர்கள் பசியோடும் வரவில்லை, யாரோ எவரோ என்றும் நிற்கவில்லை. நள்ளிரவில் ஹோட்டல் பரிமாறியது ஆடம்பரமில்லாத உணவு: இறைச்சி உருண்டையோடு ஸ்பாகெட்டி, கோழிக்கறி, முட்டை. ஷாம்பெயின் மட்டும் 450 பாட்டில். மொத்தச் செலவு சுமார் 16,000 டாலர்.

எல்லாம் விதிப்படி நடந்ததா? இல்லை. வார்ஹோல் முகமூடியே போடாமல் வந்தார். கனமும் புழுக்கமும் தாங்காமல் பலர் நள்ளிரவுக்கு முன்பே கழற்றிவிட்டார்கள். மறுநாள் 'நியூயார்க் டைம்ஸ்' விருந்தினர் பட்டியலையே அச்சிட்டது. விடுபட்டவர்களின் மனத்தாங்கலுக்கு அது போதாதா?

இப்படி ஒரு விருந்து வைக்க நினைக்கும் நேயர்களுக்கு ஒன்று சொல்லலாம். நிறம், முகமூடி, அதைக் கழற்றும் நேரம் மூன்றையும் அழைப்பிதழிலேயே தெளிவாக எழுதிவிடுங்கள். கண்ணை மட்டும் மறைத்து, பேசவும் சாப்பிடவும் வாயை விட்டுவைக்கும் லேசான முகமூடியே போதும் என்று சொல்லுங்கள். மறந்து வருகிறவர்களுக்காக வாசலில் பத்துப் பன்னிரண்டு மலிவு முகமூடிகளையும் வாங்கி வையுங்கள்.