காற்றுக்கு ஏற்ற பாய்



படகு வாங்கப் போகும் ஒருவர் என்ன கேட்பார்? மரம் நல்ல மரமா? எங்காவது கசிவு உண்டா? விலை என்ன? இவற்றை எல்லாரும் கேட்பார்கள். இன்னொரு கேள்வியும் உண்டு. இந்தப் பாயை எந்தக் காற்றுக்காகத் தைத்தார்கள்? இதைக் கேட்க மறந்தால் கடலில் உயிருக்கே ஆபத்து.

ஒரு மீனவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஊர் ஒரு வளைகுடாவுக்குள் இருக்கிறது. மூன்று பக்கமும் கரை. காற்று மெல்ல வீசும். ஆகவே படகில் பெரிய பாய் கட்டியிருக்கிறார். படகு நன்றாக ஓடுகிறது. அவருடைய மைத்துனர் ஊர் திறந்த கடலோரத்தில் இருக்கிறது. விருந்துக்கு வந்த மைத்துனர் அந்தப் பாயைப் பார்த்தார். "மச்சான், எனக்கும் இதே அளவில் ஒரு பாய் தைத்துக் கொடுங்கள்" என்று கேட்டார். தைத்துக் கொடுக்கலாமா?

காற்றின் கணக்கு ஒன்று இருக்கிறது. அதை முதலில் பார்க்க வேண்டும். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசுகிறது. அது 20 கிலோமீட்டர் ஆகிறது. பாயைத் தள்ளும் பலம் எவ்வளவு கூடும்? இரண்டு மடங்கு என்று தோன்றும். இல்லை, நான்கு மடங்கு. 30 கிலோமீட்டர் ஆனால் ஒன்பது மடங்கு. அதனால்தான் நன்றாக ஓடிக்கொண்டிருந்த படகு, காற்று சற்று ஏறியதும் சாய்ந்து போகிறது. பாயின் உயரமும் முக்கியம். நட்ட கம்பின் அடியைத் தள்ளிப் பாருங்கள், அசையாது. தலையைத் தள்ளினால் சாயும். உயரமான பாய் படகைச் சாய்ப்பதும் இப்படித்தான்.

இனி பாயின் வடிவத்தைப் பார்ப்போம். காற்றில் முறத்தை நேராகப் பிடித்தால் முறம் பின்னால் தள்ளப்படும். சற்றுச் சாய்த்துப் பிடித்தால் பக்கவாட்டில் போகப் பார்க்கும். சதுரப் பாய் நேராகப் பிடித்த முறம் போன்றது. பின்னால் இருந்து வரும் காற்றுக்கு அது மிகவும் நல்லது. முக்கோணப் பாய் சாய்த்துப் பிடித்த முறம் போன்றது. பக்கக் காற்றிலும் படகை முன்னே கொண்டு போகும். காற்றுக்கு நேர் எதிராக எந்தப் பாயும் போகாது. முக்கோணப் பாய் கட்டினால் சாய்வாக ஓடலாம். பிறகு மறுபக்கம் திருப்பி மீண்டும் சாய்வாக ஓடலாம். இப்படி வளைந்து வளைந்துதான் எதிர்க்காற்றில் முன்னேற முடியும்.

கங்கை நதிப் படகுகளில் பழைய காலத்தில் சதுரப் பாயைத்தான் அதிகம் கட்டினார்கள். அதற்குக் காரணம் உண்டு. கங்கை கடலை நோக்கிக் கிழக்கே ஓடுகிறது. மழைக்காலத்தில் காற்று கடலில் இருந்து நாட்டுக்குள் வீசுகிறது. அதாவது, ஆற்றின் ஓட்டத்துக்கு எதிராக வீசுகிறது. ஆகவே ஆற்றோட்டத்தை எதிர்த்துப் போகப் பாயை விரித்தார்கள். திரும்பும்போது பாயை இறக்கிவிட்டு ஓட்டத்தோடு வந்தார்கள். அங்கே பின்காற்றுப் பாயே போதும். ஆனால் வங்காளத்தில் ஏப்ரல், மே மாதங்களில் மாலை நேரத்தில் திடீர்ப் புயல்காற்று வரும். அதற்குக் காலபைசாகி என்று பெயர். வானம் கறுத்தவுடன் பாயை இறக்கிவிட வேண்டும். சட்டென்று இறங்காத பாய் அங்கே உதவாது.

மேற்குக் கடற்கரை வேறு மாதிரி. குஜராத்தில் இருந்து கேரளம் வரை பத்தேமாரி, கோட்டியா போன்ற பாய்க்கப்பல்கள் சரக்கு ஏற்றிச் சென்றன. அரபு நாடுகளுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போயின. குளிர்காலத்தில் வடகிழக்குக் காற்றில் புறப்படுவார்கள். காற்று தென்மேற்காக மாறும்போது திரும்பி வருவார்கள். ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்று ஓங்கிவிடும். அப்போது எந்தப் பாயும் கடலில் நிற்காது. கப்பலைக் கரையேற்றி, கீற்று வேய்ந்து மூடி வைப்பார்கள். மராட்டியக் கடலோரத்தில் கோலி மீனவர்கள் ஆவணிப் பௌர்ணமியில் கடலுக்குத் தேங்காய் படைத்த பிறகே மீண்டும் தொழிலுக்குப் போவார்கள். பாய் கட்டாமல் இருக்க வேண்டிய காலம் எது என்று தெரிவதும் தொழில் அறிவுதான்.

அந்தக் கப்பல்களின் பாயைத் தாங்கிய கழி மிக நீளமானது. பல கழிகளை ஒன்றோடு ஒன்று சேர்த்துக் கட்டியிருப்பார்கள். தமிழகக் கடலோரத்தில் இதைப் பருமல் என்பார்கள். இவ்வளவு பெரிய பாயைப் பலத்த காற்றில் எப்படிச் சமாளித்தார்கள்? இங்கேதான் அவர்களின் அனுபவம் தெரிகிறது. கப்பலில் ஒரே பாய் கிடையாது. மெல்லிய காற்றுக்குப் பெரிய பாய் ஒன்று. பலத்த காற்றுக்குச் சிறிய பாய் ஒன்று. காற்று ஏறும் அறிகுறி தெரிந்தால் பருமலை இறக்கிப் பாயையே மாற்றிவிடுவார்கள். பலர் கூடி இழுக்க வேண்டிய வேலை அது. காற்று ஓங்கிய பிறகு செய்ய முடியாது. முன்னதாகவே செய்ய வேண்டும்.

பாய்மரத்தைத் தாங்கும் கயிறுகளையும் அவர்கள் ஒரே இடத்தில் விட்டுவைப்பதில்லை. காற்று எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கத்தில் இழுத்துக் கட்டுவார்கள். கப்பலைத் திருப்பும்போது கயிறுகளையும் மாற்றுவார்கள். மறந்தால் மரம் ஒடியும்.

சோழமண்டலக் கரையில், அதாவது தமிழகத்தின் கிழக்குக் கரையில், அன்றாடக் காற்றுதான் பெரிய கணக்கு. விடியும் முன் கரையில் இருந்து கடலை நோக்கிக் காற்று வீசும். இது கரைக்காற்று. நிலம் சூடேறிய பிறகு கடலில் இருந்து காற்று வரும். இது கடல்காற்று. கட்டுமரத்து மீனவர்கள் கரைக்காற்றில் போனார்கள், கடல்காற்றில் வந்தார்கள். கட்டுமரம் தாழ்வானது. அதற்கு ஏற்ற முக்கோணப் பாயைக் கட்டினார்கள். தேவையில்லாதபோது சுருட்டி மரத்தோடு வைத்தார்கள்.

ஆனால் ஜூன், ஜூலையில் மேற்குக் காற்று பலமாக இருக்கும். கடல்காற்று தாமதமாக வரும். சில நாள் வராமலே போகும். பெரிய பாய் அப்போது படகை வெகுதூரம் கொண்டுபோய் விட்டுவிடும். திரும்பும் காற்றுக்காகத் தண்ணீர் இல்லாமல் காத்திருக்க வேண்டி வரும். போவதற்கு மட்டும் பாய் பார்ப்பது பாதிக் கணக்கு. வருவதற்கும் பார்க்க வேண்டும்.

இன்று பெரும்பாலான படகுகளில் எஞ்சின் வந்துவிட்டது. எஞ்சின் நின்றுபோனால் கையில் இருப்பது பாய்தான். உலகம் சுற்றும் பாய்க்கப்பலும் இதே கணக்கைத்தான் பார்க்கிறது. 2017 செப்டம்பர் 10 அன்று இந்தியக் கடற்படையின் 6 பெண் அதிகாரிகள் 'தாரிணி' என்ற பாய்க்கப்பலில் கோவாவில் இருந்து புறப்பட்டார்கள். லெப்டினன்ட் கமாண்டர் வர்த்திகா ஜோஷி தலைமை தாங்கினார். உலகைச் சுற்றி 2018 மே 21 அன்று திரும்பினார்கள். அந்தக் கப்பலில் பின்காற்றுக்குத் தனிப் பாய் உண்டு. புயலுக்கென்று சிறிய பாயும் உண்டு.

இப்போது மைத்துனரிடம் வருவோம். மச்சான் பாய் தைக்க உடனே உட்காரவில்லை. சில கேள்விகள் கேட்டார். "உங்கள் ஊரில் எந்த மாதம் எந்தக் காற்று? பலத்த காற்று எத்தனை நாள்? வரும்போது காற்று முதுகிலா, பக்கத்திலா? படகில் எத்தனை பேர்?" மைத்துனருக்குப் பாதிக் கேள்விக்குத்தான் பதில் தெரிந்தது. ஊருக்குப் போய்ப் பெரியவர்களைக் கேட்டார். ஒரு நோட்டு வாங்கினார். காலை, நண்பகல், மாலை என்று மூன்று கட்டம் போட்டார். காற்றின் திசையையும் பலத்தையும் நாள்தோறும் எழுதினார். கை எழுதிப் பழகியவருக்கு இது ஐந்து நிமிட வேலை.

ஆறு மாதம் கழித்து நோட்டோடு வந்தார். மச்சான் புரட்டிப் பார்த்தார். பிறகு தம் பாயைவிடச் சிறியதாக, உயரம் குறைவாக ஒரு பாய் தைத்தார். அதன் நடுவில் வரிசையாகச் சிறு கயிறுகள் வைத்துத் தைத்தார். காற்று ஏறினால் அந்தக் கயிறுகளைக் கட்டிப் பாயை இன்னும் சுருக்கலாம். பாயின் பின்மூலைக் கயிற்றைக் கையில் கொடுத்து ஒன்று சொன்னார்.

"மாப்பிள்ளை, இதைப் படகில் இறுக்கி முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். கையில் பிடியுங்கள். இல்லை என்றால் ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சுப் போடுங்கள். திடீர்க் காற்று வந்தால் உடனே விட்டுவிட வேண்டும்."

மைத்துனர் அங்கேயே மூன்று முறை முடிச்சுப் போட்டு அவிழ்த்துப் பார்த்தார்.