கப்பலில் வரும் கிழங்கும் கொல்லையில் வளரும் கீரையும்
(உரையின் வாசகம்)

அந்தமானின் தலைநகராகிய போர்ட் பிளேர், 2024-ஆம் ஆண்டு ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. இந்நகரின் ஒரு பகுதியே டெலானிபூர். இங்குள்ள இல்லங்களில் சமைக்கப்படும் உருளைக்கிழங்கு பெரும்பாலும் கடல் கடந்து வருவதாகும். சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர். கப்பல் வந்துசேரச் சுமார் 3 நாட்கள் ஆகும். கிழங்கு நன்கு திரள்வதற்கு இரவு வெப்பம் 20 டிகிரி செல்சியசுக்கு உட்பட்டிருத்தல் நலம். தீவின் வெப்பக் கடற்காற்றில் அதற்கு வாய்ப்பு அரிது. கீரையோ விதைத்த 25 முதல் 30 நாட்களில் கொல்லையிலேயே அறுவடைக்கு வந்துவிடும். இவ்விரண்டில் எது உடலுக்கு எதைத் தருகிறது என்பதே கேள்வி.

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவுச் சத்துப் பட்டியல் இதற்கு விடை தருகிறது. 100 கிராம் உருளைக்கிழங்கில் 97 கலோரியும், 1.6 கிராம் புரதமும், 10 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும், ஏறத்தாழ 0.5 மில்லிகிராம் இரும்பும் உள்ளன. அதே அளவு முளைக்கீரையில் 45 கலோரி, 4 கிராம் புரதம், 397 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து, ஏறத்தாழ 3.5 மில்லிகிராம் இரும்பு ஆகியவை உள்ளன. உயிர்ச்சத்து 'ஏ'-ஆக மாறும் கரோட்டின், கிழங்கில் 24 மைக்ரோகிராம். கீரையில் 5,520 மைக்ரோகிராம்.

இதனால் உருளைக்கிழங்கு பயனற்றது எனல் தவறு. அது உழைப்பாளிக்கு வேண்டிய ஆற்றலைத் தருகிறது; உயிர்ச்சத்து 'சி'-யும் பொட்டாசியமும் அதில் உண்டு; கப்பல் தாமதமானாலும் கெடாமல் இருக்கும். ஆனால் சோற்றுடன் உருளைக்கிழங்குப் பொரியலை மட்டும் உண்டால், மாவுச்சத்துடன் மாவுச்சத்தே சேர்கிறது. தட்டில் காய்கறி இருப்பதாகத் தோன்றினும், கீரையின் இடம் வெறுமையாகவே நிற்கிறது.

அவ்வெறுமையின் விளைவு சிறிதன்று. 2019-21-ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினரும், 6 முதல் 59 மாதக் குழந்தைகளில் 67 விழுக்காட்டினரும் இரத்தசோகை உடையவர்கள். இதற்குக் காரணங்கள் பல. உணவில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் குறைவது அவற்றுள் முதன்மையானது.

கீரையிலுள்ள இரும்பு முழுவதும் உடலில் சேர்வதில்லை. சிறு பகுதியே ஏற்கப்படும். எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், மீன் ஆகியவை அதனை மிகுவிக்கும். உணவுடன் அருந்தும் தேநீர் அதனைத் தடுக்கும். கரோட்டின் உடலில் சேரச் சிறிது எண்ணெய் தேவை. கீரையைக் கழுவிய பின்னரே நறுக்குதலும், குறைந்த நீரில் மூடி வேகவைத்தலும் சத்தைக் காக்கும். கருவுற்ற பெண்களுக்கு மருத்துவர் தரும் இரும்புச்சத்து மாத்திரைக்குக் கீரை துணையாகுமேயன்றி மாற்றாகாது.

ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் தீவில் கீரை வளர்ப்பதும் எளிதன்று. மழைத்துளி மண்ணை வாரியிறைத்து இலையை அழுகச் செய்கிறது; ஆப்பிரிக்கப் பெருநத்தை இளந்தளிரைத் தின்றுவிடுகிறது. மேட்டுப்பாத்தியும், பாலித்தீன் கூரையிட்ட பந்தலும், மாலையில் நத்தைகளைப் பொறுக்கி அழித்தலும் இதற்குத் தீர்வாகும். கொடிப்பசலையும் முருங்கையும் சிறு இடத்தில் நெடுநாள் பயன் தருவன. 1978-இல் இத்தீவில் நிறுவப்பட்ட மத்தியத் தீவு வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் தீவுக்கேற்ற காய்கறிச் சாகுபடியை ஆராய்ந்து வருகிறது.

வளர்ந்தவர் ஒருவருக்கு நாள்தோறும் 100 கிராம் கீரை என்பது ஊட்டச்சத்து வல்லுநர் வகுத்த அளவு. நால்வர் கொண்ட குடும்பத்திற்கு இது நாளொன்றுக்கு அரைக் கிலோவைத் தாண்டாது. ஒவ்வொரு பள்ளியும் அங்கன்வாடியும் ஒரு கீரைப் பாத்தியைப் பேணினால், மாணவர் பாடத்தில் படிப்பதைத் தட்டிலும் காண்பர். கிழங்கு கப்பலில் வரட்டும். கீரைக்காகக் கப்பலை எதிர்நோக்கும் நிலை வேண்டா.