ஆண் வாத்துங்க அடிச்சிக்கிட்டா என்ன செய்யலாம்?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



கறவை மாடு, ஆடு, கோழி பத்தி நிறையப் பேசிட்டோம். இன்னைக்கு கூஸ் வாத்து. காவலுக்குன்னு நம்ம உறுப்பினர்கள் சில பேர் வளர்க்கிறாங்க. ராத்திரி யாராவது வேலி தாண்டினா நாயை முந்திக்கிட்டு கத்தும். புல்லு மேயும், தீவனச் செலவு குறைவு. ஆனா ஒரு புகார் வந்துக்கிட்டே இருக்கு: "ஆணுங்க அடிச்சிக்கிட்டு ரத்தம் வருதுக்கா, அடைக்கு வச்ச முட்டையும் கூழ்முட்டையாப் போச்சு."

சந்தையில ஜோடி ஜோடியாத்தான் விக்கிறாங்க. மூணு ஜோடி வாங்கினா மூணு ஆண் வந்துடுது. முட்டையிடும் பருவத்துல ஒண்ணு பெட்டையோட சேரப் போனா இன்னொண்ணு தள்ளிவிடும். சேர்க்கை நடக்காம முட்டை மட்டும் கிடைக்கும், குஞ்சு வராது. குழுக்கடன் தவணை கட்ட வேண்டிய காசு அந்த முட்டையிலதானே இருக்கு!

நெத்தியில குமிழ் வச்ச சீன ரகத்துக்கு ஒரு ஆணுக்கு நாலஞ்சு பெட்டை விடலாம். உடம்பு பெருத்த ரகம்னா ரெண்டு, மூணு. ஆணுக்குக் குமிழ் பெரிசா இருக்கும், குரல் கீச்சுன்னு மெலிசா வரும். பெட்டைக்குக் குரல் கரகரப்பு. குஞ்சுல பார்த்துச் சொல்றது கஷ்டம். மாதூர் வேளாண் அறிவியல் நிலையத்திலயோ கால்நடை மருத்துவர்கிட்டயோ கேட்டுக்கங்க.

கழுத்தைத் தாழ்த்தி நீட்டி 'உஸ்'ஸுன்னு சீறினா அது வாய்ச்சண்டை. ஒண்ணு திரும்பிப் போயிட்டா முடிஞ்சுது, விட்டுடுங்க. ஜெயிச்சது ஓடிவந்து பெட்டையோட சேர்ந்து கூச்சல் போடும், வேடிக்கையா இருக்கும். இந்தக் குணங்களையெல்லாம் காட்டு வாத்துகள்ல ஆராய்ஞ்ச ஆஸ்திரிய நாட்டு கொன்ராட் லோரன்ஸுக்கு 1973-ல் நோபல் பரிசு கிடைச்சுது.

ஆனா ஒண்ணு இன்னொண்ணோட இறக்கை அடியைக் கவ்விக்கிட்டு மூலையில தள்ளி அடிச்சா உடனே பிரிக்கணும். கையை விடாதீங்க, இறக்கை அடி நல்லா வலிக்கும். ஒரு பலகையைக் குறுக்கே வைங்க. பிள்ளைங்களைக் கிட்ட விடாதீங்க. காலைப் பிடிச்சுத் தூக்கக்கூடாது, கால் முறிஞ்சிடும். தலை நமக்குப் பின்பக்கம் வர்ற மாதிரி அக்குள்ல இடுக்கிக்கணும். காயத்தை உப்புத்தண்ணியில கழுவி மஞ்சள், வேப்பெண்ணெய் தடவினா ஈ மொய்க்காது. கண்ணுல பட்டாலோ இறக்கை தொங்கினாலோ மருத்துவர்கிட்டதான்.

ஐப்பசி, கார்த்திகையில கொல்லையெல்லாம் தண்ணி நின்னு அத்தனையும் ஒரே மேட்டுல நெருங்கும்போது சண்டை கூடும். தீவனத்தொட்டி ரெண்டு வைங்க. ஒண்ணுலேருந்து பார்த்தா இன்னொண்ணு தெரியாதபடி வைக்கோல்போர் மறைவுல இருக்கட்டும். கொட்டகைக்கு ரெண்டு வழி விடுங்க, தோத்தது தப்பிச்சு ஓட இடம் வேணும்.

பிரிச்ச ஆணைத் தனியா அடைச்சா ஏங்கிப் போகும், அதோட ஜோடிப் பெட்டையையும் கூட விடுங்க. ரொம்ப நாள் கழிச்சுத் திரும்ப விட்டா மத்ததுக்கு அது புது வாத்துதான். நடுவுல வலை கட்டி ஒருத்தரையொருத்தர் சில நாள் பார்க்க விட்டு, அப்புறம் திறந்த வெளியில விடணும்.

இதெல்லாம் தற்காலிகம். கூடுதல் ஆணைக் குடுத்துடறதுதான் சரி. பேர் வச்சுக் கூப்பிட்டது, விக்க மனசு வராதுதான். ஆண் இல்லாத உறுப்பினர் வீட்டுக்குக் குடுத்து, பெட்டை ஒண்ணை வாங்கிக்கலாமே. முட்டையிடும் பருவத்துக்கு முன்னாடியே செய்யணும், ஏன்னா ஜோடி பிரிஞ்ச பெட்டை வேற ஆணை ஏத்துக்க நாளாகும்.

நாட்டு வாத்துக்கும் கணக்கு உண்டு. ஒரு ஆணுக்கு ஆறேழு பெட்டை இல்லைன்னா, ஆணுங்க சேர்ந்து பெட்டைங்களோட பிடரி முடியைப் பிடுங்கிடும்.

இனிமே கடன் மனுவில 'மூணு ஜோடி'ன்னு எழுதாதீங்க. 'ஒரு ஆண், நாலு பெட்டை'ன்னு எழுதுங்க. யார் வீட்டுல ஆண் கூடுதல், யார் வீட்டுல இல்லைன்னு ஊக்குநர்கள் அடுத்த கூட்டத்துக்கு எழுதிக்கிட்டு வரணும்.