ஊர்க் கணக்கில் நம் கணக்கு

(கிளை ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைப் பேச அழைத்தபோது, "ஏதாவது ஆன்மிகமாகப் பேசுங்கோ மாமா" என்றார். "குழாய் ஜலத்தைப் பற்றிப் பேசுகிறேன்" என்றேன். கொஞ்சம் தயங்கிவிட்டுத்தான் சம்மதித்தார். ஆசமனம் பண்ணவும் ஜலம் வேண்டுமே!

வருஷா வருஷம் பிப்ரவரி மாதம் டெல்லி பட்ஜெட்டை டெலிவிஷன் முன் உட்கார்ந்து கேட்கிறோம். வருமான வரி விலக்கு எவ்வளவு என்று விவாதிக்கிறோம். ஆனால் நம் வாசல் சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் பணம் ஒதுக்கும் நகரசபை பட்ஜெட்டை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? நானே அண்மைக் காலம் வரை பார்த்ததில்லை.

இத்தனைக்கும் நம் முன்னோர்கள் இதில் கெட்டிக்காரர்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை நீங்கள் அறிவீர்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்டவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, குடவோலை முறையில் வாரியங்களுக்கு ஆள் எடுத்தார்கள். ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று பொறுப்புகளைப் பங்கிட்டார்கள். பதவி வகித்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி வர முடியாது. அவன் உறவினர்களும் வர முடியாது. வயது 35க்கு மேல், 70க்குள் இருக்க வேண்டும். ஆகவே நான் இப்போதே தகுதி இழந்தவன். சொத்தும் வேதப் பயிற்சியும் உள்ளவர்களுக்கு மட்டுமான சபை அது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இன்றைய நகரசபையில் ஸ்திரீகளுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இடம் உண்டு. எல்லோருக்கும் வோட்டு உண்டு. அந்த விதத்தில் நாம் முன்னேறியிருக்கிறோம். கணக்குக் கேட்பதில்தான் பின்தங்கிவிட்டோம்.

சுதந்திர இந்தியாவில் நகரசபைகளுக்கு அரசியல் சட்டத்தில் இடம் கிடைத்தது 74ஆவது திருத்தத்தின் மூலம். 1993 ஜூன் 1 முதல் அது அமலில் உள்ளது. குடிநீர், சாலை, சுகாதாரம், மயானம், பிறப்பு இறப்புப் பதிவு என 18 பணிகளை 12ஆவது அட்டவணை பட்டியலிடுகிறது. முதலில் இருப்பதே நகரத் திட்டமிடல்தான். ஆனால் இவற்றை மாநில சட்டசபை நகரசபைக்கு 'அளிக்கலாம்' என்றுதான் வாசகம். 'அளித்தே தீர வேண்டும்' என்று இல்லை. அந்த ஒரு சொல்லில் பல மாநிலங்கள் புகுந்து வெளியே வந்துவிட்டன. பல இடங்களில் ஊரின் மாஸ்டர் பிளானைப் போடுவது மாநில இலாகா. மழைநீர் ஓடும் தாழ்வான இடத்தில் மனை பிரித்துவிட்டால், பிறகு தெருவில் முழங்கால் ஜலம் நிற்கும்போது திட்டு வாங்குவது மட்டும் நகரசபை.

சரி, பணம் எங்கிருந்து வருகிறது? பழைய நாளில் சில மாநிலங்களில் ஆக்ட்ராய் என்ற நுழைவு வரி பெரிய வருமானமாக இருந்தது. எஞ்சியிருந்த இடங்களிலும் 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது அது போய்விட்டது. இன்று சின்ன ஊருக்குச் சொந்த வருமானம் என்றால் முக்கியமாக வீட்டு வரி, தண்ணீர்க் கட்டணம், கடை வாடகை, லைசென்ஸ் கட்டணம், இவ்வளவுதான். மீதிக்கு மாநில அரசையும் மத்திய நிதிக் கமிஷன் மானியத்தையும் எதிர்பார்க்க வேண்டும்.

2021-26 காலத்துக்கான 15ஆவது நிதிக் கமிஷன், பத்து லட்சத்துக்குக் குறைந்த ஜனத்தொகை உள்ள ஊர்களுக்கான மானியத்தில் 60 சதவிகிதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று ஒதுக்கிக் கட்டுப்படுத்தியது. மீதி 40 சதவிகிதத்திலும் சம்பளம் கொடுக்கக் கூடாது என்றது. கணக்குகளை இணையத்தில் வெளியிட வேண்டும் என்றது. வீட்டு வரி வசூல் மாநில வளர்ச்சிக்கு ஈடாகவாவது உயர வேண்டும் என்றது. இல்லையென்றால் மானியம் கிடையாது என்றது. இந்தக் கடைசி நிபந்தனையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கு வருகிறேன்.

பட்ஜெட் புத்தகத்தைப் படிப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. வரும் ஆண்டின் மதிப்பீடு, நடப்பு ஆண்டின் திருத்திய மதிப்பீடு, முந்தைய ஆண்டில் உண்மையில் நடந்தது என்று மூன்று பத்திகள் இருக்கும். எல்லோரும் முதல் பத்தியைப் பார்ப்பார்கள். அது ஆசை. உண்மையில் நடந்தது என்ற பத்தியை முதலில் பாருங்கள். சென்ற ஆண்டு சாலைக்கு ஒதுக்கியதில் பாதிதான் செலவாயிற்று என்றால், இந்த ஆண்டு இரட்டிப்பாக ஒதுக்கியிருப்பதில் மகிழ ஒன்றுமில்லை.

இனி தண்ணீருக்கு வருகிறேன். நான் படித்தது பௌதிகம். உள்ளே போனது வெளியே வந்தாக வேண்டும் என்பது அதில் பால பாடம். பாதாளச் சாக்கடை உள்ள ஊரில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அரசின் அளவுகோல். 40,000 பேர் உள்ள ஊருக்கு 54 லட்சம் லிட்டர் வேண்டும். கசிவு முதலிய இழப்புகள் 20 சதவிகிதத்துக்கு மிகக் கூடாது என்று மத்திய அமைச்சகம் 2008இல் இலக்கு வைத்தது. அந்த இலக்கை எட்டிய ஊர் 67.5 லட்சம் லிட்டர் பம்ப் செய்தால் போதும். இழப்பு 40 சதவிகிதம் என்றால் 90 லட்சம் பம்ப் செய்ய வேண்டும். தினமும் கூடுதலாக 22.5 லட்சம் லிட்டரைக் கரண்ட் செலவழித்து மேலே ஏற்றி மண்ணுக்குக் கொடுக்கிறோம். புதிய ஆழ்குழாய்க் கிணறு தோண்டினால் திறப்பு விழா நடத்தலாம். பழைய குழாயை மாற்றினால் யாரும் மாலை போட மாட்டார்கள். ஆனால் ஊருக்கு வேண்டியது பின்னதுதான்.

இதையெல்லாம் எழுதிக்கொண்டு, குழாயை ஏன் மாற்றவில்லை என்று எங்கள் ஊர் நகரபாலிகைக்கு ஒரு நீளக் கடிதம் தயார் செய்தேன். வடக்கே ஒரு சின்ன ஊர் அது. கூடவே வீட்டு வரி ரசீதின் நகலை இணைக்க எடுத்தேன். எட்டிப் பார்த்த என் மனைவி கேட்டாள்: "மாடிக்கு ஜலம் ஏறறது, வரி மட்டும் ஏறலையே?"

மகன் கல்யாணத்தின்போது மாடியில் இரண்டு அறை கட்டினோம். 11 வருஷம் ஆயிற்று. சுயமதிப்பீட்டுப் படிவத்தில் நான் அதைச் சேர்க்கவே இல்லை. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அது முழு உண்மை அல்ல. 35 வருஷம் அடுத்தவர் கணக்கில் சிவப்பு மையால் ஆட்சேபணை எழுதிய கை இது! வரி வசூல் உயராவிட்டால் மானியம் இல்லை என்றேனே, அந்த உயராத வரியில் என் இரண்டு அறைகளும் அடக்கம்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் புதிய படிவம் எழுதிப் பாக்கியையும் அபராதத்தையும் கட்டினேன். குமாஸ்தா, "யாராவது புகார் கொடுத்தார்களா?" என்று விசாரித்தார். "வீட்டிலிருந்துதான்" என்றேன். தொகை கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. அதற்குப் பிறகுதான் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன். குழாய் இன்னும் முழுவதும் மாறவில்லை. இரண்டு தெருக்களுக்கு மட்டும் வந்திருக்கிறது. எங்கள் தெரு அதில் இல்லை. கடிதங்கள் தொடர்கின்றன.

எந்த ஊரில் இருந்தாலும் நம் அங்கத்தினர்கள் மூன்று காரியம் செய்யலாம். ஒன்று, உங்கள் வீட்டின் உண்மையான அளவு வரிப் படிவத்தில் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். இரண்டு, உங்கள் நகரசபை பட்ஜெட்டை ஒரு தடவையாவது படியுங்கள். பட்ஜெட்டைத் தானாகவே வெளியிடுவது 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவுப்படி அவர்கள் கடமை. மூன்று, நம்மிடையே ரிடையர் ஆன ஆடிட்டர்களும் இஞ்சினியர்களும் நிறைய இருக்கிறார்கள். உங்கள் வார்டு கவுன்சிலர் யாராக இருந்தாலும், எந்தக் கட்சியாக இருந்தாலும், போய்ப் பார்த்து, கணக்கைப் படித்துச் சொல்ல முன்வாருங்கள். பட்ஜெட் புத்தகத்தைப் படிக்க ஆள் இல்லாமல் திண்டாடும் கவுன்சிலர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்த கூட்டத்தில் யார் யார் மாடியைச் சேர்த்தார்கள் என்று நான் கேட்க மாட்டேன். அதை அவரவர் வீட்டிலேயே கேட்பார்கள்.