வினையும் அளவும்

(மகாவீரர் ஜயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அறக்கட்டளையினர் எனக்களித்த தலைப்பு ‘பணியும் வாழ்வும்’ என்பது. தலைப்பை அறிவித்தவுடன் இளைஞர் சிலர் பின்வரிசைக்கு நகர்ந்ததைக் கண்டேன். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் கையில் ஒலிபெருக்கி கிடைத்தால் எளிதில் கீழே வைக்கமாட்டார் என்னும் அச்சம் நியாயமானதே. ஆயினும் அவர்களைக் குறை கூற நான் இங்கு வரவில்லை. அவர்கள் அஞ்சாமல் முன்வரிசைக்கு வரலாம்.

நம் பெயரிலிருந்தே தொடங்குகிறேன். ‘சமணர்’ என்பது ‘ஸ்ரமண’ என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம். அதன் வேர் உழைத்தல், வருந்தி முயலுதல் என்னும் பொருளுடையது. உழைப்பைப் பெயரிலேயே தாங்கிய சமயம் நம்முடையது. அடுத்து, ‘வினை’ என்னும் சொல்லை எண்ணிப் பாருங்கள். செய்யும் தொழிலுக்கும் தமிழில் வினை என்று பெயர். உயிரைப் பற்றும் கருமத்துக்கும் வினை என்றே பெயர். திருக்குறளில் வினைத்தூய்மை, வினைத்திட்பம், வினைசெயல்வகை என மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. அவற்றை வகுப்பில் நடத்திய போதெல்லாம் இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் வந்து கூடியதை வெறும் தற்செயல் என்று எண்ண எனக்கு மனம் ஒப்பியதில்லை. அலுவலகத்தில் பத்து மணி நேரம் செய்வது ஒரு கணக்கு, ஜினாலயத்தில் அரை மணி நேரம் செய்வது மற்றொரு கணக்கு என்று பிரித்துக்கொள்ள நம் மொழியே இடந்தரவில்லை.

ஸ்ரீபுராணம் கேட்டு வளர்ந்தோர் ஆதிநாதர் வரலாற்றை அறிவர். போகபூமியில் கற்பக மரங்கள் வேண்டியன தந்தன. மாந்தர்க்கு உழைப்பென்பதே இல்லை. காலம் திரிந்து மரங்கள் வற்றின. பசியோடு வந்த மக்களை நாபி மன்னர் தம் மகன் ரிஷபரிடம் அனுப்பினார். பசித்து வந்தவர்களுக்கு ரிஷபர் துறவை உபதேசிக்கவில்லை; தொழிலைக் கற்பித்தார். அசி, மசி, கிருஷி, வித்யை, வாணிஜ்யம், சில்பம் என அவை ஆறு. அதாவது வாள், மை, உழவு, கலை, வணிகம், கைத்தொழில். நம் முன்னோருள் பெரும்பாலோர் உழவைப் பற்றி நின்றனர். பின்னர்ப் பலர் ஆசிரியராயினர். எந்த வட்டத்துப் பள்ளியிலும் நம்மவர் ஒருவர் தமிழோ கணக்கோ நடத்திக்கொண்டிருந்த காலம் உண்டு. இன்று கணிப்பொறிமுன் அமர்ந்திருக்கும் பிள்ளைகளும் மசியின் வழிவந்தவர்களே. மை மட்டும் மாறியிருக்கிறது.

தொழிலை முன்னரும் துறவைப் பின்னரும் காட்டியவர் முதல் தீர்த்தங்கரர். ஆகவே பிழைப்புக்காக ஊரைவிட்டுச் சென்ற பிள்ளைகளைச் சமயத்தைவிட்டே சென்றவர்களாகப் பேசும் பெரியோர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ‘இந்தக் காலத்து வேலைக்கு விரதமெல்லாம் ஒத்துவராது’ என்று கைகழுவும் இளைஞர்களோடும் உடன்பாடில்லை. இவர்கள் விரதம் என்பதைத் துறவியரின் மகாவிரதமாகவே எண்ணிவிடுகிறார்கள் போலும். இல்லறத்தார்க்கு விதித்தது அணுவிரதம்.

சமந்தபத்திரர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரத்தையும், அதனைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பையும் எடுத்துப் பாருங்கள். அணுவிரதம் 5, குணவிரதம் 3, சிட்சாவிரதம் 4 என இல்லறத்தார்க்குப் பன்னிரண்டு. இவற்றின் பெயர்களிலேயே ‘பரிமாணம்’ என்னும் சொல் திரும்பத் திரும்ப வருகிறது. பரிக்கிரக பரிமாணம், போகோபபோக பரிமாணம். பரிமாணம் என்றால் அளவு. சம்பாதிக்காதே என்று சாத்திரம் சாவகனுக்குச் சொல்லவில்லை. எவ்வளவு போதும் என்பதை ஆசை எழுவதற்கு முன்பே நீயே வரையறுத்துக்கொள் என்கிறது. ‘முன்பே’ என்பதுதான் இதில் உயிரான சொல். கையில் பணம் வந்தபின் வரையும் கோடு நம்மோடு நடந்துவரும்.

இதனைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். நம் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்த கணவனும் மனைவியும் பெங்களூரில் நல்ல பணியில் இருக்கிறார்கள். ஒரு வீடு வாங்கினார்கள், அது தேவை. அந்தக் கடன் தீருமுன் முதலீடு என்று இரண்டாவது வீட்டையும் வாங்கினார்கள். மாதத் தவணை இரண்டாயிற்று. தவணைக்காக அவர் கூடுதல் பொறுப்பை ஏற்றார். அம்மையார் குழந்தை பிறந்த ஆறாம் மாதமே பணிக்குத் திரும்பினார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்த தாயாரை அழைத்துச் சென்றார்கள். இப்போது ஊரில் அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. அந்தத் தாயார்தான் ஜினாலயத்தில் விடியற்காலை அபிஷேகத்துக்கு நீர் எடுத்து வைத்து, உபாத்தியாயருக்குப் பூ முதலியன சேர்த்துக் கொடுத்து வந்தவர். அந்த வேலையைச் செய்ய இன்று அத்தெருவில் ஆளில்லை. அவரோ பெங்களூரில் ஒன்பதாவது மாடியில் அமர்ந்து, அடுத்த ஜினாலயத்துக்குச் செல்ல யாரை வண்டி கேட்பது என்று தயங்கிக்கொண்டிருக்கிறார். அந்த இளந்தம்பதியர் நல்லவர்கள், உழைப்பாளிகள். ‘அலுவலகம் எங்களைப் பிழிகிறது’ என்கிறார்கள். அலுவலகம் பிழிவது உண்மைதான். ஆனால் இரண்டாம் தவணை இல்லையென்றால், பிழியும் கையிலிருந்து விலகிக்கொள்ளும் துணிவு அவர்களுக்கு இருந்திருக்கும். மிகுபொருள் விரும்பாமை ஏழைகளை ஆற்றுவதற்குச் சொன்ன ஆறுதல் என்று நினைப்போர், இத்தம்பதியரின் நாட்குறிப்பை ஒரு வாரம் பார்த்தால் போதும்.

மற்ற விரதங்களைச் சுருக்கமாகத் தொட்டுச் செல்கிறேன். அநர்த்ததண்ட விரதம் என்பது பயனின்றிச் செய்யும் தீமையை விலக்குதல். அதன் வகைகளுள் அபத்தியானம் ஒன்று, துச்சுருதி ஒன்று; பிறர் கெட வேண்டுமென்று உள்ளே நினைத்துக்கொண்டிருத்தல், கேட்கத்தகாதவற்றைக் கேட்டல். பதவி உயர்வுப் பட்டியல் வெளிவரும் வாரத்தில் எந்த அலுவலகத்திலும் இவ்விரண்டும் தேநீரோடு பரிமாறப்படும். ஆசிரியர் ஓய்வறையும் விலக்கன்று.

தேசாவகாசிகம் என்பது இன்று இந்த எல்லைக்கு அப்பால் செல்லேன் என்று நாள்தோறும் இடத்தைச் சுருக்கிக்கொள்வது. கால் செல்லும் எல்லையை நூல்கள் கருதின. இன்று கால் வீட்டில் இருக்கிறது, கைப்பேசி வழியாக மனம் அலுவலகத்தில் இருக்கிறது. இரவு எட்டு மணிக்குமேல் அலுவலக மின்னஞ்சலைத் திறப்பதில்லை என்று ஒருவர் நோற்றால் அதனையும் தேசாவகாசிகம் என்றே நான் கொள்வேன். இது நூலின் உரையன்று, என் பொருத்தம். பண்டிதர்கள் மறுத்தால் பணிவோடு கேட்டுக்கொள்வேன். சாமாயிகத்துக்கு நூல்களில் தேடி எந்தப் பொருத்தமும் காட்ட வேண்டியதில்லை. ஒரு முகூர்த்தம், அதாவது இரண்டு நாழிகை, 48 நிமிடம், விருப்பும் வெறுப்பும் இன்றிச் சமநிலையில் அமர்தல். முதலில் பத்து நிமிடமாவது அமர்ந்து பழகுங்கள்.

இப்போது இளைஞர்கள் என்னிடம் தனியே வந்து கேட்கும் கேள்விக்கு வருகிறேன். இரவு உண்ணாமை. ஞாயிறு மறைவது ஆறு, ஆறரைக்கு. அலுவலகம் விடுவது ஏழுக்கு. என்ன செய்வது?

சென்னை மேடவாக்கத்தில் நம் பிள்ளைகள் நால்வர் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தனர். ஒருவர் என்னிடம் படித்தவர். வீட்டிலிருந்தே பணி செய்பவர் எவரோ அவர் ஐந்து மணிக்குள் சமைத்துவிட வேண்டும் என்பது அவர்கள் ஏற்பாடு. நேரில் செல்ல வேண்டியவர் மாலை உணவையும் காலையிலேயே தூக்கில் எடுத்துச் செல்வார். ஐந்தரைக்கு அலுவலக உணவுக்கூடத்தில் அவர் தனியே உண்பதைப் பார்த்து முதலில் சிரித்தார்கள். பிறகு நம் சமயத்தைச் சாராத இருவர் வயிற்றுக்கு நல்லது என்று தாமும் சேர்ந்துகொண்டனராம். மூன்றாமவர்க்கு அமெரிக்க நேரத்துக்கேற்ற இரவுப் பணி. ஐந்தரைக்கு உண்டுவிட்டு ஆறு மணி வண்டியில் ஏறுவார். விடிந்தபின்பே அடுத்த உணவு. அவரிடம் பசி எப்படி என்று கேட்டேன். “பசி பழகிவிட்டது ஐயா. நள்ளிரவு ஒரு மணிக்கு எல்லாரும் தேநீருக்கு எழுந்து போகும்போது தனியாக உட்கார்ந்திருப்பதுதான் இன்னும் பழகவில்லை” என்றார்.

நான்காமவர் புனே நகருக்கு மாற்றலாகிச் சென்றார். அங்கே தனி அறை, உணவகச் சாப்பாடு. மூன்று மாதத்தில் அந்நோன்பு அவரைவிட்டு நழுவிவிட்டது. ஊரில் சிலர் அவருடைய உறுதியைப் பழிக்கிறார்கள். நால்வரையும் நான் அறிவேன். உறுதியில் அவர் எவர்க்கும் இளைத்தவரல்லர். உடன் உண்பார் இல்லாமற்போனதே அவர்க்கு நேர்ந்தது. சாவகர்க்குரிய பதினொரு படிநிலைகளில் இரவு உணவு துறத்தலை இரத்தினகரண்டகம் ஆறாம் படியில் வைத்திருக்கிறது. இளமையிலேயே நம் வீடுகளில் இது எளிதாகக் கைவந்ததற்குக் காரணம், விளக்கேற்றுமுன் தெருவே உண்டு முடித்ததுதான். தெருவின் துணையைத் தராமல், தெருவின் ஒழுக்கத்தை மட்டும் ஒரு பிள்ளையிடம் எதிர்பார்ப்பது முறையாகுமா?

நம் முன்னோர் இதனை அறிந்திருந்தார்கள். மதுரையை அடுத்த அழகர்மலைக் குகையில், துறவியர்க்குக் கற்படுக்கை அமைக்கக் கொடை தந்தோர் பெயர்கள் தமிழி எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. உப்பு வணிகர் ஒருவர், பாணித வணிகர் ஒருவர், கொழு வணிகர் ஒருவர். பாணிதம் வெல்லப்பாகு, கொழு ஏர்முனை இரும்பு. கரூரை அடுத்த புகலூரில் கருவூர்ப் பொன்வணிகர் ஒருவர். மாங்குளத்தில் வெள்ளறை நிகமத்தார், அதாவது ஒரு வணிகக் குழுவே சேர்ந்து அளித்த கொடை. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக அவ்வெழுத்துகள் நிற்கின்றன. உப்பு விற்றவர் தம் பெயரோடு உப்பையும் பாறையில் எழுதினார். தொழிலை மறைத்துவிட்டு அறத்துக்கு வரவில்லை. தொழிலோடு வந்தார், உடன் தொழில் செய்வாரையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டில் சமணர் ஏறத்தாழ 89,000 பேர். வடநாட்டிலிருந்து வந்து வாழ்வோரும் அதில் அடக்கம். இத்துணைச் சிறு கூட்டம் பெருநகரங்களில் ஒருவரையொருவர் அறியாமல் சிதறிக் கிடப்பது நமக்குத் தாங்காது. ஒரே தொழில்நுட்பப் பூங்காவில், ஒரே கட்டடத்தில் மூன்றாண்டு பணிபுரிந்த நம்மவர் இருவர், மேல்சித்தாமூர்த் தேர்த் திருவிழாவில்தான் ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள்.

முதியோராகிய நமக்கும் ஒரு சொல். பதினொரு படிநிலைகளில் எட்டாவது ஆரம்ப தியாகம். சேவை, உழவு, வணிகம் முதலிய பிழைப்பு முயற்சிகளிலிருந்து ஒருவர் தாமே விலகி நிற்பது. அரசு 60 வயதில் நம்மை அனுப்பி வைக்கிறது. நூலோ நாமே நாள் குறித்துப் புறப்படச் சொல்கிறது. பத்தாவது அனுமதி தியாகம். உலகியல் காரியங்களில் கருத்துரைப்பதையும் விட்டுவிடுவது. ஓய்வு பெற்ற ஆசிரியர்க்கு அதனினும் கடினமான படி வேறில்லை என்பதற்கு இவ்வுரையே சான்று. அந்தப் படியை எட்டுமுன் அறக்கட்டளைக்கு ஒரே ஒரு கருத்தை உரைத்துவிடுகிறேன்.

இன்னும் மூன்று வாரத்தில் அட்சய திருதியை வருகிறது. நகைக்கடைகள் அந்நாளைத் தமதாக்கிக்கொண்டுவிட்டன. நமக்கு அது ஆதிநாதர் பாரணை செய்த நாள். துறவு பூண்ட பகவான் நெடுநாள் உண்ணாமல் ஊர்தோறும் வந்தார். மக்கள் அன்பில் குறை வைக்கவில்லை. பொன் கொண்டுவந்தனர், மணி கொண்டுவந்தனர், யானையும் குதிரையும் கொண்டுவந்து நிறுத்தினர். உணவை முறைப்படி அளிக்க எவர்க்கும் தெரியவில்லை. அத்தினாபுரத்துச் சிரேயாம்சன்தான், முற்பிறவி நினைவு வரப்பெற்று, கருப்பஞ்சாற்றை ஏந்தி எதிர்கொண்டான்.

நாமும் விழாதோறும் நம் பிள்ளைகளைப் பாராட்டுகிறோம். பொன்னாடை போர்த்துகிறோம், கேடயம் தருகிறோம், பெயரை மலரில் அச்சிடுகிறோம். அவர்களுக்கு வேண்டியது மாலை ஐந்தரைக்கு ஒரு வேளை உணவும் உடன் உண்ண ஓர் ஆளும். சென்னை, பெங்களூர், புனே என ஊர்வாரியாக நம் பிள்ளைகள் தங்கியிருக்கும் இடங்களை ஒரு பதிவேட்டில் தொகுப்போம். அருகருகே இருப்போரை ஒருவர்க்கொருவர் அறிமுகம் செய்வோம். ஊர்தோறும் நம் குடும்பம் ஒன்று, வாரத்துக்கு ஒரு மாலையாவது அவர்களுக்கு இலையிட முன்வரட்டும். பதிவேட்டின் முதல் பக்கத்தைக் கோடிட்டுக் கொண்டுவந்திருக்கிறேன். செயலாளர் மேசைமேல் இருக்கிறது. விருந்துண்ணச் செல்லுமுன், ஞாயிறு மறைய இன்னும் நேரமிருக்கிறது, ஒவ்வொருவரும் எழுதிவிட்டுச் செல்லுங்கள். புனே நகரில் உறவினர் உடையோர் என்னைத் தனியே பாருங்கள்.